நுரையைத் துடைக்காதே

காலையில ஆறு பத்து.

என்ன சிரிப்பு? ராத்திரி பன்னெண்டு மணின்னு ஆரம்பிப்பேன்னு பாத்தீங்களா? பேய் என்ன நைட் ஷிஃப்ட்டா பாக்குது? காலையில ஆறு பத்துதான். வெயில் வந்தாச்சு. கடலோரமா ஒரு ஒத்தை ரோடு. ஒரு பக்கம் மணல், இன்னொரு பக்கம் முள்ளுக் காடு. வீடு இல்ல, கடை இல்ல, நாய்கூட இல்ல. அதுல ஒரு ஸ்கூட்டர் போகுது. ஒருத்தி ஓட்டுறா, ஒருத்தி பின்னாடி பெரிய பையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. போகும்போது ரெண்டு பேர்... அவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்லுவேன்.

டேய், மெழுகுவத்திய இந்தப் பக்கம் நகத்து. காத்துல அணைஞ்சுடப் போகுது. எல்லாரும் சாப்பிட்டாச்சுல்ல? சாப்பிடாதவங்க இப்பவே எழுந்து போய்ச் சாப்பிட்டுட்டு வந்துடுங்க. கேட்டதுக்கப்புறம் இறங்காது. உங்க சித்தி பல் ஆஸ்பத்திரியில வேலை பாக்குறவ. நாள் பூரா அடுத்தவங்க வாயில எச்சி உறிஞ்சுற குழாயப் புடிச்சுக்கிட்டு நிக்கிறவ. எனக்கே இதைக் கேட்டு ரெண்டு நாள் சோறு இறங்கல.

எங்க ஆஸ்பத்திரி ரிசப்ஷன்ல ஒரு பொண்ணு இருக்காளே, அவளோட அண்ணிக்கு நடந்தது இது. அண்ணிக்குத் தொழில் சுவத்துல படம் வரையுறது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரின்னு பெரிய பெரிய சுவரா வரைவா. பேரு வேற, ஆனா வீட்டுல எல்லாருக்கும் அவ 'சோப்பு'தான். யாருக்கும் சோப்புப் போடுற ஆளு இல்ல, கைக்குத்தான். கதவுப் புடியத் தொட்டா கழுவுவா, காசு வாங்கினா கழுவுவா. கட்டின புருஷன் வாய் வெச்ச டம்ளரை மூணு தடவை தேய்ச்சுட்டுத்தான் அலமாரியில வைப்பா. எச்சின்னு சொன்னாலே மூஞ்சி கோணிடும்.

அதுல ஒரு வேடிக்கை. மீன் செதில், கண்ணு, இதெல்லாம் போடுற மெல்லிசு பிரஷ் இருக்கே, அத மட்டும் உதட்டுல வெச்சு ஈரம் பண்ணி நுனியக் கூராக்குவா. சின்ன வயசுலேருந்து ஒட்டின பழக்கம். பெயிண்ட்டுல வாய் வைப்பா, மனுஷங்க வாய் வெச்சதுல வைக்க மாட்டா. என்னத்தச் சொல்ல.

ஒரு நீச்சல் பள்ளிக்கூடத்துல குளத்தை ஒட்டி நாப்பது அடி சுவர். அதுல கடலுக்கு அடியில இருக்கிற உலகத்தை வரையணும்னு முதலாளி கூப்பிட்டாரு. கையில ஒரு காலண்டர் படத்தக் குடுத்தாரு. ஆரஞ்சு மீன் பல்லக் காட்டிச் சிரிக்குது, பக்கத்துல ஒரு கோட்டை. சோப்பு அத மடிச்சு அவர்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டா. "நான் கண்ணால பாக்காதத வரைய மாட்டேன் சார், ஆறு மாசம் டைம் குடுங்க"ன்னா.

அப்படித்தான் போய்ச் சேர்ந்தா, மூச்சடக்கி முங்குறதுக்கு. முதுகுல சிலிண்டர் கிடையாது. ஒரே மூச்சு. இழுத்துக்கிட்டு எறங்கணும், அது தீர்றதுக்குள்ள ஏறணும். சொல்லிக் குடுக்க ஒரு மாஸ்டர் இருந்தாரு.

அது எப்படி இருக்கும்னு சோப்பு சொல்லியிருக்கா. மொதல்ல காது வலிக்கும். மூக்கப் பொத்திக்கிட்டு காத்த உள்ளயே தள்ளணும்... 'டப்'புன்னு திறக்கும். தலைகீழா ரெண்டு ஒதை, மூணு ஒதை. ஒரு ஆழம் தாண்டினா ஒதைக்கவே வேணாமாம். உடம்பு தானா விழும். அந்த விழுற நேரத்துக்காகத்தான் எல்லாரும் போறாங்களாம். நெஞ்சு மெதுவா அடிக்கும்... ரொம்ப மெதுவா. வீட்டு நெனப்பு இல்ல, வேலை நெனப்பு இல்ல. அப்புறம் வயிறு துள்ள ஆரம்பிக்கும். உள்ளேருந்து யாரோ 'விடு, விடு, மூச்சு விடு'ன்னு புடிச்சு இழுக்குற மாதிரி. துள்ளல் வந்தா திரும்பிடணும்.

இன்னொன்னும் சொன்னா. கீழ போகப் போக சிவப்புங்கிற கலரே செத்துப் போயிடுமாம். ஒருநாள் பாறையில கை கிழிச்சு ரத்தம் வந்துச்சு, பச்சையா வந்துச்சாம். மேல வந்து பாத்தா செக்கச் செவேல்னு இருக்கு. அன்னைக்கே வீட்டுக்கு வந்து நீலத்தையும் பச்சையையும் கலக்க உக்காந்துட்டா. சுவத்துல மேல் பாதி வெளிச்சம், கீழ போகப் போக சிவப்பே இல்லாம, தரைகிட்ட மையிருட்டு. முதலாளி வந்து பாத்துட்டு, "ஏம்மா, ஒரு சிவப்பு மீன்கூட இல்லையே, பிள்ளைங்க பயந்துக்குமே"ன்னு பொலம்பினாரு. "அங்க சிவப்பே கிடையாது சார்"னு சொல்லிட்டு வேலையப் பாத்தா. பிடிவாதக்காரி, ஆனா கைவேலை சுத்தம்.

இப்ப ஸ்கூட்டர் ஓட்டினவளச் சொல்றேன். அவ 'விசில்'. ஒரு பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சர், லீவு நாள்ல அந்த நீச்சல் குளத்துல பிள்ளைங்களுக்கு நீச்சல் சொல்லிக் குடுப்பா. கழுத்துல எப்பவும் விசில் தொங்கும். குட்டையா, கட்டுமஸ்தா இருப்பா. சிரிச்சா மூணு தெருவுக்குக் கேக்கும். கல்யாணம் ஆகல, அம்மாவும் பொண்ணும்தான். இந்த முங்குறதுல ஜோடி இல்லாம எறங்கக் கூடாது. ஒருத்தர் கீழ போனா ஒருத்தர் மேல காவல். சோப்புக்கு விசில் ஜோடி. நல்ல ஜோடி பாத்தாரு மாஸ்டர்! இவ எச்சின்னா ஓடுறவ, அவ பாதி பிஸ்கட்டக் கடிச்சுட்டு மீதிய நம்ம வாயில ஊட்ட வர்றவ.

அதுவும் அந்த மாஸ்க் விஷயம் இருக்கே... கண்ணையும் மூக்கையும் மூடுற கண்ணாடி மாஸ்க். தண்ணிக்குள்ள உள்பக்கம் ஆவி புடிச்சுடும், ஒண்ணும் தெரியாது. அதுக்கு என்ன பண்ணுவாங்க தெரியுமா? உள்ளே எச்சித் துப்பி, விரலால நல்லா தேய்ச்சு, ஒரு அலசு அலசி மாட்டிக்குவாங்க. உவ்வே சொல்லாதே, உலகம் பூரா அப்படித்தானாம். சோப்பு மட்டும் ஒரு சின்ன பாட்டில்ல ஷாம்பூத் தண்ணி கொண்டு போவா. விசில் கிண்டல் பண்ணுவா. "சொந்தமா சுரக்குறதுடி! அதுகூடவா உனக்கு ஆகாது?" ஒருநாள் பாட்டில் காலி. சோப்பு முழிச்சுக்கிட்டு நிக்கிறத பாத்துட்டு, விசில் அவ மாஸ்க்க புடுங்கி... கர்ர்ர்ர்... த்தூ! கட்டை விரலால வழிச்சுத் தேய்ச்சு, "இந்தா, இப்ப பளிங்கு மாதிரி தெரியும்"னு நீட்டினா. சோப்பு அத மண்ணு போட்டுக் கழுவினா. அன்னைக்கு எறங்கவே இல்ல. நாலு நாள் பேசல.

ஆனாலும் நம்பிக்கை இருந்துச்சு. ஆழத்துலேருந்து ஏறி வரும்போது, மேலேருந்து பாதி வழி எறங்கி வந்து, கண்ணோட கண் பாத்துக்கிட்டே கூட வருவா விசில். ஒரு நாள்கூட தவறினது இல்ல.

மாஸ்டர் ஒரு பாடம் சொல்லிக் குடுத்திருந்தாரு. இதை மட்டும் கவனமாக் கேளுங்க. ஏறி வரும்போது ஜோடி மயங்கிட்டா மேல கொண்டு வா, மாஸ்க்கக் கழட்டு. கன்னத்துல தட்டு, பேர் சொல்லிக் கூப்பிடு, கண்ணு மேல ஊது. எழலையா, வாயில வாய் வெச்சு ஊது. உள்ள தண்ணி போயிருந்தா நுரை வரும். நுரையைத் துடைக்காதே. துடைக்கத் துடைக்க வந்துகிட்டேதான் இருக்கும். நுரை மேலயே வாய வெச்சு ஊது. இதைச் சொல்லி ஒரு ரப்பர் பொம்மைய வெச்சு எல்லாரையும் ஊதச் சொன்னாரு. சோப்பு பொம்மையோட வாய ஸ்பிரிட் போட்டு நாலு தடவை துடைச்சுட்டு ஊதினா. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. மாஸ்டரும் சிரிச்சாரு.

சிரிச்சாங்க... ம்.

அந்த ஆறு பத்துக்கு வர்றேன். சுவர் முக்கால்வாசி முடிஞ்சிருந்துச்சு. ஒரே ஒரு ஆள் உருவம் பாக்கி. ஆழத்துல, மணல் தரைகிட்ட ஒரு பொண்ணு நிக்கிற மாதிரி. மேலேருந்து பாத்தா அந்த உடம்பு என்ன நிறத்துல தெரியும், எங்க மங்கும்னு சோப்புக்குப் புடிபடல. "நீ கீழ போய் நில்லு, நான் மேலேருந்து பாக்குறேன்"னா. விசில் போனா, நின்னா, வந்தா. "இன்னும் ஒரு தடவை"ன்னா. போனா, வந்தா. "கடைசியா ஒரே ஒரு தடவைடி, இன்னும் கொஞ்சம் நேரம் நின்னா புடிச்சுடுவேன்." விசில் சிரிச்சா. "உன் படத்துக்கு நான் மீனா மாறிடுறேன், போதுமா?"ன்னு கேட்டுட்டு, பெருசா மூச்சிழுத்துக்கிட்டுப் போனா.

ஏழே முக்கால் இருக்கும்.

நின்னா. நல்லா நின்னா. அப்புறம் ஏறினா. சோப்பும் முறைப்படி எறங்கிப் போனா, அதுல குத்தம் சொல்ல முடியாது. பாதி வழியில ரெண்டு பேரும் கண்ணோட கண் பாத்தாங்க. மேல வர இன்னும் ஒரு ஆள் ஆழம்தான் பாக்கி. அப்ப விசிலோட கண்ணு... திறந்தபடியே இருந்துச்சு, ஆனா பாக்கல. வாய் திறந்துச்சு. தண்ணி உள்ள போச்சு. சோப்பு அவள தாடையில புடிச்சு மேல கொண்டு வந்துட்டா. புடிச்சுக்கிட்டு இளைப்பாறக் கொண்டு போற மிதவை மேல தலைய சாய்ச்சா. மாஸ்க்கக் கழட்டினா. கன்னத்துல தட்டினா, பேர் சொல்லிக் கத்தினா, கண்ணு மேல ஊதினா.

எழல.

அப்பத்தான் வாயப் பாத்தா.

வெள்ளையா நுரை. அடிச்ச முட்டை மாதிரி. அதுல மூக்குச் சளி கயிறு கயிறா. காலையில தின்ன பிஸ்கட்டு, கூழாப் போய், உதட்டோரத்துல வழியுது. புளிச்ச நாத்தம். சோப்பு கிட்டப் போனா... போனா... குமட்டிக்கிட்டு வந்துச்சு. ஒரே ஒரு தடவை துடைச்சுட்டு ஊதலாம்னு நெனச்சா. தண்ணிய அள்ளித் துடைச்சா. அடுத்த நுரை வந்துச்சு. துடைச்சா. வந்துச்சு. இப்ப கொஞ்சம் ரோஸ் கலர்ல. துடைச்சா. பதினோரு தடவை. அவளே எண்ணியிருக்கா பாருங்க, பாவி. பதினோரு தடவை துடைச்சா, ஒரு தடவைகூட ஊதல.

மீன் புடிக்கிற படகு ஒண்ணு பாத்துட்டு வந்துச்சு. படகுக்காரர் ஒரு நிமிஷம் யோசிக்கல. நுரையோட வாய வெச்சு ஊதினாரு, ஆஸ்பத்திரி வரைக்கும் ஊதிக்கிட்டே வந்தாரு. டாக்டர் பாத்துட்டு உதட்டப் பிதுக்கிட்டாரு. கொஞ்சம் முன்னாடியே வாயில ஊதியிருந்தா...ன்னு இழுத்தாரு. மாஸ்டர் ஓடி வந்தாரு. சோப்போட தோளப் புடிச்சு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு.

"ஊதினியா?"

"ஊதினேன்"னா.

அவ்வளவுதான். வாயிலேருந்து விழுந்துடுச்சு. விழுந்தத அள்ள முடியல. ஊரு பூரா, 'பாவம், அந்தப் பொண்ணும் தன்னால ஆனதப் பண்ணுச்சு'ன்னு பேசுனாங்க.

துக்கத்துக்குப் போன எடத்துல விசிலோட அம்மா அழக்கூட இல்ல. சோப்போட மொகத்த ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டாங்க. "எம் பொண்ணு உசுரோட இருக்கும்போது வாயில கடைசியாப் பட்டது உன் மூச்சுதானம்மா. எனக்கு அது போதும்"னாங்க. விரலால இவ உதட்டத் தொட்டு, அந்த விரலத் தன் வாயில வெச்சு முத்தம் குடுத்துக்கிட்டாங்க. ஐயோ... சோப்புக்கு உள்ளுக்குள்ள எப்படி இருந்திருக்கும்! வீட்டுக்கு வந்து, பாத்திரம் தேய்க்கிற நார எடுத்து உதட்டத் தேய்ச்சா. ரத்தம் வர்ற வரைக்கும் தேய்ச்சா. அன்னையிலேருந்து அவளுக்கு ஒரே பயம்தான். அந்த அம்மாவுக்கு மட்டும் தெரிஞ்சுடக் கூடாது. அந்த ஒரு வார்த்தையப் புடிச்சுக்கிட்டுத்தான் அந்தப் பொம்பள உயிரோட இருக்கு.

மூணு வாரம் கழிச்சு சுவர் வேலைக்குத் திரும்பினா. அந்தப் படத்துக்குத் திறப்பு விழா நாள் குறிச்சாச்சு, முதலாளி நச்சரிக்கிறாரு. காலையில பிள்ளைங்க வர்றதுக்கு முன்னாடியே போயிடுவா. பெரிய கூடம், குளத்துத் தண்ணி அசையாம கிடக்கு, குளோரின் வாடை. டப்பாவத் திறந்து மெல்லிசு பிரஷ்ஷ எடுத்தா. ராத்திரியே கழுவி, காய வெச்சு, மூடி வெச்ச பிரஷ். பழக்கத்துல உதட்டுல வெச்சா.

ஈரமா இருந்துச்சு.

ஈரம்கூட இல்ல... வெதுவெதுன்னு. கொழகொழன்னு. இனிப்பா, பிஸ்கட்டு ருசி. வெடுக்குன்னு வெளிய இழுத்தா. நுனியிலேருந்து நூல் மாதிரி நீண்டு வந்துச்சு. யார் வாயிலேருந்தோ அப்பத்தான் எடுத்த பிரஷ்.

ஏய், யாரது குமட்டுறது? போய் வாசல்ல நில்லு.

பைப்படியில நின்னு கொடலே வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுத்தா. மனப் பிரமைன்னு தனக்குத் தானே சொல்லிக்கிட்டா. பிரஷ்ஷ தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கினா. மறுநாள் புதுசும் அப்படியே. சாமான் ரூம்ல ஆணியில மாட்டி வெச்சிருந்த அவளோட மாஸ்க், அந்தக் காலைக்கு அப்புறம் அவ தொடாதது, அதோட உள்பக்கம் புது எச்சி. குட்டிக் குட்டிக் குமிழி, ஒண்ணு ஒண்ணா உடைஞ்சுக்கிட்டு இருக்கு. கட்டை விரல் தேய்ச்ச தடம் வேற.

அதுக்கப்புறம் சுவரு.

அந்தப் பொண்ணு உருவம் வரணும்னு அவ விட்டு வெச்சிருந்த எடம். அடர் நீலம், காஞ்சு போன பெயிண்ட். காலையில ஏழே முக்காலுக்கு அதுல ஒரு பொட்டு வெள்ளை. குட்டையான ஒருத்தி அங்க நின்னா அவ வாய் இருக்கிற உயரத்துல. சோப்பு பெயிண்ட் தெறிச்சிருக்குன்னு துணியால துடைச்சா. மறுபடி வந்துச்சு. நுரை. சத்தம்கூடக் கேட்டுச்சாம்... 'சொத சொத'ன்னு, சோறு பொங்கி வழியுற மாதிரி மெல்லிசா. துடைச்சா. வந்துச்சு. ரோஸ் கலர்ல வந்துச்சு. பதினொண்ணாவது தடவை துடைச்சதும் நின்னுடுச்சு.

மறுநாளும் ஏழே முக்கால். அதுக்கு மறுநாளும்.

முதலாளி பாத்துட்டு, "சுவத்துல ஓதம்மா, பைப்பு லீக்கு"ன்னு பிளம்பரக் கூட்டிட்டு வந்தாரு. அவன் மறுபக்கம் உடைச்சுப் பாத்தா எலும்பு மாதிரிக் காஞ்சு கிடக்கு. பைப்பே போகல. முன்பக்கம் பொங்கினத விரலால வழிச்சு மோந்து பாத்தான். மூஞ்சி மாறிடுச்சு. "அக்கா, இது தண்ணி இல்ல... எவனோ துப்பியிருக்கான்"னான். விரல சட்டையில தேய்ச்சுக்கிட்டே போனவன்தான், மறுபடி வரவே இல்ல.

புருஷன்கிட்ட சொல்ல முடியல. மாஸ்டர்கிட்ட சொல்ல முடியல. எதச் சொன்னாலும் அந்த ஒரு பொய்யிலதான் வந்து முட்டும். சோறு இறங்கல. தண்ணி குடிச்சாலும் அந்தப் புளிச்ச நாத்தம். வாயத் திறந்தா நாத்தம் தன் வாயிலேருந்துதான் வருதோன்னு உள்ளங்கையில ஊதி ஊதி மோந்து பாப்பாளாம்.

விழாவுக்கு மொத நாள் காலை. கூடத்துல தனியா நின்னா. ஏழே முக்கால். வந்துச்சு, வெள்ளையா. இந்தத் தடவை சோப்பு துணிய எடுக்கல. அவளுக்குப் புரிஞ்சுடுச்சு, என்ன கேக்குதுன்னு. கிட்டப் போனா. முட்டிய மடக்கி, உயரத்துக்குச் சரியா குனிஞ்சா. கண்ண இறுக்கி மூடிக்கிட்டா. சுவத்துக்கும் உதட்டுக்கும் ஒரு விரக்கடைதான். வெதுவெதுப்பு மொகத்துல அடிச்சுது. நுரை குமிழி ஒண்ணு அவ மேலுதட்டுல பட்டு உடைஞ்சுது.

"ச்சீ!"ன்னு கத்திட்டா. துணிய எடுத்துத் துடைச்சா.

அங்கயும் துடைச்சா, பாருங்க. அங்கயும்!

பதினொண்ணு ஆனதும் நின்னுடுச்சு. சோப்பு அப்படியே தரையில உக்காந்து ஓன்னு அழுதாளாம். அழுது முடிச்சு ஒரு முடிவுக்கு வந்தா. வாய் வைக்க நம்மால ஆகாது. வாயத் திறந்து உண்மையையாவது சொல்லிடுவோம். அந்த அம்மா செருப்பால அடிக்கட்டும், தலைமுடியப் புடிச்சு இழுக்கட்டும். இதுக்கு மேல தாங்காதுன்னு தன் ஸ்கூட்டர எடுத்துட்டா.

இதுக்கு மேல சோப்பு எங்க ரிசப்ஷன்காரிகிட்ட சொன்னத அப்படியே சொல்றேன். அதுக்கு அப்புறம் என்னாச்சுன்னு அவகிட்ட எத்தனையோ தடவை கேட்டாச்சு. சொல்ல மாட்டேங்குறா.

எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தா. சின்ன வீடு. முன்னாடி கொடி கட்டியிருக்கு, கொடி முழுக்கக் கைக்குட்டை அளவு துண்டுத் துணிங்க, நாப்பது அம்பது இருக்கும். பழைய புடவையக் கிழிச்சது. எல்லாம் துவைச்சும் போகாத மஞ்சக் கறையோட ஆடுது. கதவுகிட்ட ஒரு பக்கெட், அதுல இன்னும் ஊறுது. பக்கெட்டுத் தண்ணி மேல நுரை. துணி துவைக்கிற சோப்போட நுரை மாதிரி இல்ல.

அந்த அம்மா கதவத் திறந்தாங்க. எளைச்சுப் போயிருந்தாங்க. கை ரெண்டும் ஈரத்துல ஊறி வெளுத்துச் சுருங்கிக் கிடந்துச்சு.

சோப்பு வாசல்லயே நின்னு கொட்டிட்டா. "அம்மா, நான் ஊதல. பொய் சொன்னேன். எனக்கு அருவருப்பா இருந்துச்சும்மா. துடைச்சேன்... துடைச்சுக்கிட்டே இருந்தேன். ஊதவே இல்ல. என்னை மன்னிக்க வேணாம், திட்டிடுங்க"ன்னு.

அந்த அம்மா மொகத்துல ஒரு மாத்தமும் இல்ல.

"தெரியும்"னாங்க. "அவதான் சொன்னா."

சோப்பு ஒரு அடி பின்னாடி வெச்சா.

"தினமும் வருவா. மொதல்ல உன்கிட்டதான் வருவாளாம். நீ துடைச்சுத் துடைச்சு அனுப்பிடுவியாம். அப்புறம் இங்க வந்து உக்காந்துக்கிட்டு, 'அம்மா, அவளுக்கு அழுக்கு ஆகாது, நீ நல்லாத் துடைச்சு விடு'ன்னு மொகத்த நீட்டுவா. நானும் துடைக்கிறேன், துடைக்கிறேன்... நிக்க மாட்டேங்குது."

உள்ள, திரைக்கு அந்தப் பக்கம், நாற்காலி லேசா முனகுச்சு. கடல் உப்பும் புளிச்ச நாத்தமும் கலந்து வெளிய வந்துச்சு.

அந்த அம்மா சோப்போட மணிக்கட்டப் புடிச்சாங்க. புடி இரும்பா இருந்துச்சாம். கொரல மட்டும் தாழ்த்திக்கிட்டாங்க, தூங்குற குழந்தை எழுந்துடக் கூடாதேங்கிற மாதிரி.

"இப்பத்தான் துடைச்சு முடிச்சேன். வந்து பாரு, ஒரு பொட்டு இல்ல... அவ்வளவு சுத்தமா இருக்கு. வாம்மா. மறுபடி பொங்குறதுக்குள்ள ஊதிட்டுப் போயிடு."

திரைக்கு உள்ள... 'ப்ச்'சுன்னு ஒரு சத்தம். ஒட்டிக் கிடந்த ரெண்டு உதடு பிரியுற சத்தம்.